கடைசி நாள் ஜீப்

எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் தாணம்மாள் தெருமுனையை எட்டிப் பார்த்தாள்.

அவள் வீட்டுக்காரர் ஏட்டு கோலப்பனுக்கு இன்று போலீஸ் வேலையில் கடைசி நாள். ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, இன்ஸ்பெக்டர் உட்காரும் முன்சீட்டில் உட்கார வைத்து, ஸ்டேஷன் ஜீப்பிலேயே வீட்டில் கொண்டுவந்து விடுவது அங்கே வழக்கம். தோவாளையில் அந்தத் தெரு முழுக்க வாசலில் நின்றது. பக்கத்து வீட்டு லட்சுமிப்ரியா ஆரத்தி கரைத்து வைத்திருந்தாள்.

ஜீப் வரும். அதில் சந்தேகமில்லை. அதிலிருந்து அவர் இறங்குவாரா என்பதுதான் தாணம்மாளின் பயம்.

போன வருஷம் இதே ஜீப் இதே தெருவுக்கு வந்தது. வாகனச் சோதனையில் நின்ற அதே தெருப் போலீஸ்காரர் நாகேந்திரனைக் கல் ஏற்றி வந்த டாரஸ் லாரி அடித்துப் போட்ட செய்தியோடு வந்தது.

நாகேந்திரனின் மகள் அஞ்சுவுக்குக் கருணை அடிப்படையில் அரசாங்க ஆபீசில் வேலை கிடைத்தது. முதல் நாள் அவள் தோளில் பையோடு பஸ் ஏறப் போனதைக் கோலப்பன் வாசலில் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து, சோற்றில் கை வைத்தபடி, பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாகேந்திரன் கொடுத்து வச்சவன்ட்டி. சர்வீஸ்ல இருக்கும்போதே போய்ட்டான்."

உள்ளறையில் படுத்திருந்த மகன் காதில் அது விழுந்திருக்கக் கூடாதே என்று அவள் பதறினாள்.

மகேஷ்குமார் ஒரே மகன். கல்ஃபில் கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் திரும்பி வந்தவன். பி.காம். படித்தவன். உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைத்தால் பிழைத்துக்கொள்வான். ஆனால் அவனை நம்பி ஒரு கடைக்காரரும் நாற்காலி போடவில்லை.

கோலப்பன் உயிரோடு ஓய்வு பெற்றுவிட்டால் மகனுக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். பென்ஷனும் கிடையாது. ராணுவத்தில் பென்ஷனுக்கான வருஷம் நிறைவதற்குள், அப்பா படுக்கையில் விழுந்தார் என்று பாதியில் விட்டுவிட்டு வந்தவர் அவர். போலீசில் சேர்ந்தபோது, புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்று அரசாங்கம் நிறுத்தியிருந்தது. எல்லையில் நின்றதும் வீண், ரோட்டில் நின்றதும் வீண். சம்பளத்தில் பிடித்தது மொத்தமாக வரும்தான். அது வருவதற்கு முன்பே மகனின் ஆஸ்பத்திரிச் செலவு அதைத் தின்று தீர்த்திருந்தது.

இருப்பதைவிடச் செத்தால் லாபம் என்று ஒரு மனுஷனை நினைக்க வைத்த வேலைக்குத்தான் ஊரில் அரசாங்க உத்தியோகம் என்று பெயர்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு கோலப்பனுக்கு ஒரு மறதி வந்தது. ஊரில் உள்ளவனுக்கெல்லாம் ஹெல்மெட் போடாததற்கு அபராதம் எழுதுகிறவர், தினமும் தன்னுடையதை ஆணியில் விட்டுவிட்டுக் கிளம்பினார். தாணம்மாள் அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடுவாள். அவர் தலையில் மாட்டி, வாரையும் தானே பூட்டிவிடுவாள். இந்த வயசிலும் புது மாப்பிள்ளை, புதுப் பெண்தான் என்று தெருப் பெண்கள் கேலி செய்வார்கள். அவள் சிரித்துவைப்பாள். அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

மற்றவர்கள் தட்டிக்கழிக்கிற லாரிச் சோதனை டியூட்டியைக் கேட்டுக் கேட்டு வாங்கினார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று அவளுக்குப் பயம்.

தெருமுனையில் ஜீப் திரும்பியது.

கண்ணாடியில் வெயில் அடித்ததால் முன்சீட்டில் யார் என்று தெரியவில்லை. தாணம்மாள் கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. முதலில் ரோஜா மாலை தெரிந்தது. அப்புறம் மாலைக்குள் கோலப்பன். உயிரோடு, முழுசாக இருந்தார்.

தெரு கைதட்டியது. இன்றைக்காவது உட்காருங்கள் ஏட்டையா என்று எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் நடுரோட்டில் லாரி மறித்துக்கொண்டு நின்றார் என்றும், விழாவுக்கே கையைப் பிடித்து இழுத்துத்தான் வந்தோம் என்றும் இன்ஸ்பெக்டர் பெருமையாகச் சொன்னார். இப்படி ஒரு ஆளை இனி எங்கே போய்த் தேடுவது என்றார்.

கோலப்பன் அழுதுகொண்டிருந்தார். காக்கிச் சட்டையைக் கழற்றுகிற வருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். லட்சுமிப்ரியாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் ஆரத்தி எடுத்தாள்.

அவர் தாணம்மாளின் அருகில் வந்தார். தலையைக் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"மன்னிச்சிருட்டி. லாரி கிட்ட வந்தப்போ என்னக் கொண்டு முடியல்ல."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று காலை டியூட்டிக்குப் போகும்போது அவர் கேட்டுக்கு வெளியே பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு, கிளம்பாமல் வெகுநேரம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. சும்மா காத்து நின்றார்.

உள்ளறையில் மகேஷ் தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவள் ஆணிக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கையை நீட்டினால் ஹெல்மெட் எட்டும்.

பைக் சத்தம் தெருமுனையைத் தாண்டும் வரை அவள் கையை நீட்டவில்லை.