வலப்பக்கம்

தூத்துக்குடியில் நாற்காலியில் உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி நார்வேயில் ஓடும் கார்களை ஓட்டுவது செங்கமலத்தின் வேலை. கேட்டு வாங்கியிருந்தாள். இதேபோல் நார்வேயில் உட்கார்ந்து இங்கே லாரி ஓட்டிய ஹென்ரிக், வலப்பக்கம் ஓட்டும் தன் ஊர் ஞாபகத்தில் லாரியை வலப்பக்கம் ஏற்றி அவள் தம்பியைக் கொன்றிருந்தான். பழக்க தோஷம் என்று விசாரணையில் விட்டுவிட்டார்கள்.

இன்று அவள் காரில் அவனே பயணி. அவன் பேச்சு தமிழாகி அவள் காதில் விழுந்தது.

“நீங்க எந்த ஊரு?”

“தூத்துக்குடி. உங்க லாரி அடிச்சுப் போட்ட சேர்மதுரையோட அக்கா.”

அவன் கதவை இழுத்துப் பார்த்தான். பூட்டியிருந்தது.

“இங்க வலப்பக்கம் போகணும்.”

“தெரியும் சார். ஆனா பழக்க தோஷம், சில நேரம் கை தன்னால இடப்பக்கம் போயிரும்.”

மலைப்பாதை தொடங்கியது. அவள் வலப்பக்கமாகவே ஓட்டினாள், மிக மெதுவாக. பயணம் சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது.