அறுக்காத ரம்பம்

“இது மரம் அறுக்கிற மெஷினா, இல்ல கொசுவுக்குப் புகை போடுற மெஷினா?”

கடைக்குள் நுழைந்த வேகத்தில் சங்கிலி ரம்பத்தை மேஜைமேல் தொப்பென்று வைத்தார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பத்து நாளில் இது மூன்றாவது தடவை. கைப்பையை மார்போடு அணைத்தபடி பின்னாலேயே அவர் மனைவி வந்தார்.

“மறுபடியும் அறுக்கலையா?” என்றார் கடைக்காரர்.

“அறுக்கிறதா? ஏணியில ஏறி, கூரைமேல சாஞ்சிருக்கிற கிளையில வச்சு அழுத்துறேன், அழுத்துறேன், புகைதான் வருது. கிளையில கரி பூசின மாதிரி ஒரு கோடு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரன் மாடியில நின்னு பல்லைக் காட்டுறான்யா!”

“ஏணியிலயா?” கடைக்காரருக்குப் பகீரென்றது. “சார், வாங்கும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வீட்டு மரத்துக்குச் சின்ன பேட்டரி ரம்பம் போதும்னேன், பெரிசுதான் வேணும்னு பிடிவாதம் பிடிச்சீங்க. ஹெல்மெட், கண்ணாடி, கெட்டியான பூட்ஸ் எல்லாம் எடுத்துக்குங்கன்னேன், ‘நான் என்ன சண்டைக்கா போறேன்’னீங்க. ஏணியில நின்னு இதை ஓட்டவே கூடாது சார். ஒரு எகிறு எகிறிச்சுன்னா நேரா முகத்துக்குத்தான் வரும்.”

“முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவன் நான். இத்துனூண்டு இன்ஜின் என்னைப் பயமுறுத்துமா? பேச்சை மாத்தாதீங்க. மெஷின் ஏன் அறுக்கல, அதைச் சொல்லுங்க!”

“நல்லாக் கேளுங்க” என்றார் மனைவி. “போன மாசம் குளியலறையில வழுக்கி விழுந்தவர், இடுப்பு இன்னும் சரியாகல. அந்த இடுப்போட மூணு தடவை ஏணி ஏறி இறங்கியிருக்கார். உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?”

“இடுப்பை ஏன் இப்ப இழுக்கறே?” என்று டிரைவர் முணுமுணுத்தார்.

கடைக்காரர் தன் ஸ்பேனரை எடுத்து, பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். உள்ளே பார்த்ததும் அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. சங்கிலி மறுபடியும் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. மேல்பக்கத்துப் பற்கள் முன்னால் பார்க்க வேண்டும். இவை பின்னால் பார்த்தன. அப்படி மாட்டி நாள் முழுக்க ஓட்டினாலும் மரம் சூடாகுமே தவிர அறுபடாது.

“பாருங்க சார்! மூணாவது தடவையும் செயினைத் தலைகீழா மாட்டி வச்சிருக்கீங்க. போன தடவை உங்க கண் முன்னாடிதானே கட்டையை அறுத்துக் காட்டினேன்? வாழைத்தண்டு மாதிரி அறுத்துச்சா இல்லையா?”

“அறுத்துச்சு. இங்க அறுக்குது, வீட்டுக்குப் போனா அறுக்கல. நான் அந்த மூடியைத் தொடவே இல்ல!”

“அப்ப செயின் தானாத் திரும்பிப் படுத்துக்குச்சா?”

“என்னைப் பொய்யன்னு சொல்றீங்களா? மூடியைக் கழட்ட ஸ்பேனர் வேணும். என்கிட்ட இருக்கிற எந்த ஸ்பேனரும் அதுக்குச் சேரல. அதுக்குன்னு இருக்கிற ஸ்பேனரை நீங்க பெட்டியில வைக்கவே இல்லையே!”

“வச்சேன்! என் கையால வச்சேன்!”

“வச்சா எங்க? காக்கா தூக்கிட்டுப் போச்சா?”

கடைக்காரருக்கு இது பதினாறு வருஷக் கடை. விலை அதிகம் என்று சொன்னவர்கள் உண்டு, வாய் அதிகம் என்று சொன்னவர்களும் உண்டு. கைவேலை மோசம் என்று ஒருத்தர் சொன்னதில்லை. போன தடவை அந்த நட்டுகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கி அனுப்பினவர் அவர். இப்போது பார்த்தால், மெஷின் வாங்க வந்திருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் நழுவி வெளியே போய்க்கொண்டிருந்தார்கள்.

“சரி, வேற மெஷின் குடுங்க. இதைவிடப் பெரிசா” என்றார் டிரைவர்.

“பெரிசா?” மனைவியின் குரல் கடையே அதிரும்படி எழுந்தது. “இந்தக் கடையிலயா? பட்டது போதாதா உங்களுக்கு? இவங்க குடுக்கிற எந்த மெஷினும் இனிமே நம்ம வாசப்படி ஏறக் கூடாது! இவங்களே ஆள் அனுப்பி அந்தக் கிளையை அறுத்துக் குடுக்கட்டும். செஞ்ச தப்புக்கு அதான் நியாயம்!”

டிரைவரின் முகம் மலர்ந்தது. “அப்படிக் கேளு! நியாயம்னா அது நியாயம்.”

“அநியாயம்மா இது!” என்று கத்தினார் கடைக்காரர். ஆனால் இடுப்பு சரியில்லாத அந்த மனிதர் இன்னும் பெரிய ரம்பத்தோடு ஏணியில் நிற்பது அவர் கண்முன் வந்து போனது. “தொலையட்டும். நாளைக்குக் காலையில ஆள் வரும். கயிறு கட்டி, ஹெல்மெட் போட்டு, முறையா அறுப்பாங்க. மெஷினை இங்கேயே விட்டுட்டுப் போங்க. நீங்க ஏணிப் பக்கமே போகக் கூடாது, சொல்லிட்டேன்.”

“நான் ஏன் போறேன்? நாற்காலி போட்டு உக்காந்து வேடிக்கை பாப்பேன்.” ஜெயித்த மிடுக்கோடு டிரைவர் வண்டியை எடுக்கப் போனார்.

மனைவி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார்.

“திட்டறதுக்கு இன்னும் ஏதாவது மிச்சம் இருக்காம்மா?” கடைக்காரரின் ஆத்திரம் அடங்கவில்லை.

“கோவிச்சுக்காதீங்க தம்பி.” அவர் குரல் இப்போது தணிந்திருந்தது. “நான் சொன்னாக் கேட்கிற மனுஷர் இல்ல அவர். உங்க மேல வீணாப் பழி விழுந்துச்சு, மனசு கேட்கல.”

கைப்பையைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த ஸ்பேனரை மேஜைமேல் வைத்தார்.

“முதல் ரெண்டு தடவை சுலபமாக் கழண்டுடுச்சு. இந்தத் தடவைதான் நட்டை இப்படி இறுக்கி வச்சுட்டீங்க, செயினைத் திருப்பி மாட்டறதுக்குள்ள என் கையே போயிடுச்சு தம்பி!”