கருங்காலிக்குப் பெண் பார்த்தது

“எங்கட நாற்றுப் பண்ணையில நிக்கிற கருங்காலி ஆண்மரம், ஐயா. பெண்மரம் கிடைக்காட்டி விதை இல்ல. மூணு வருசமாத் தேடுறன்,” என்றாள் யசோதினி போனில். காட்டு மரங்களுக்குக் கன்று உண்டாக்குவதுதான் அவள் வேலை.

“அப்ப பொம்பிளை பாக்க வாறீங்க!” கரடியனாற்றிலிருந்து விவசாயி கதிர்காமத்தம்பி சிரித்தார். “எங்கட வயல் வட்டையோரம் ரெண்டு நிக்கிது, மிஸ். ஒண்டு நல்ல உசரம், மற்றது சின்னன்.”

“சனிக்கிழமை ஜீப்பில வாறன், ஐயா.”

சனிக்கிழமை ஜீப் மரத்தடிவரை தடையில்லாமல் போய் நின்றது.

“மாப்பிள்ளை வீட்டார் வந்தா வழி துப்பரவாக்காம விடுவமா?” என்று உயர்ந்த மரத்தைப் பெருமையோடு காட்டினார் அவர்.

யசோதினி அண்ணாந்து பார்த்தாள். கிளையெல்லாம் ஆண்பூ.

“மற்றது எங்க, ஐயா?”

“அந்தச் சின்னனா? உங்கட ஜீப்புக்குக் குறுக்கால நிண்டது. நேற்றுத்தான் தறிச்சம்.”

வழியோரம் குவிந்து கிடந்த கொப்புகளை அவள் புரட்டினாள். எல்லாம் பிஞ்சுக் காய். ஒன்றை நகத்தால் கீறினாள். விதை இன்னும் தண்ணீராகவே இருந்தது.

“வழி நல்லாக் கிடக்கா, மிஸ்?”

கத்தி பிடித்த அவர் உள்ளங்கையில் கொப்புளம் போட்டிருந்தது.

“நல்ல வழி, ஐயா,” என்றாள்.