சாப்பிட ஒரு ஆள்

"எனக்குத் துடக்கு, கீர்த்தனி. திவச வீட்டில நான் கை நனைக்கேலாது."

மதுசன் போனில் இதைச் சொன்னபோது மணி பதினொன்று. இலங்கைத்துறையில் அவனுடைய சித்தப்பா இரவு மோசம்போய்விட்டார். சாவுத் துடக்குக்காரன் முப்பத்தொரு நாளைக்கு இன்னொரு வீட்டுத் திவசத்தில் சாப்பிடக்கூடாது. அதற்குமேல் அவனோடு என்ன கதை.

மதுசன், கீர்த்தனி என்று கம்பஸ் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து நடத்துகிற தொழில் ஒன்று. பெயர் 'துணை'. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் போனில் செய்தி அனுப்புவார்கள். இவர்கள் போய், துறைமுகப் பக்கம் தனியக் கிடக்கிற தாய் தகப்பனைக் கிளினிக்குக் கூட்டிப்போவார்கள், மருந்து எடுத்துக் கொடுப்பார்கள், கொஞ்ச நேரம் இருந்து கதைப்பார்கள். பெற்றவர்களைப் பார்க்கவும் ஆள் பிடிக்கிற காலம்.

இன்றைய வேலை, சாப்பிடுவது. இலண்டனில் இருந்து கஜீபன் எழுதியிருந்தான். "செவ்வாய் வீட்டில் திவசம். அப்பா தனிய. ரெண்டு பேர் வந்து சாப்பிட வேணும். ஆள் வந்து இலையில் கை வைக்காட்டி அப்பா சாப்பிட மாட்டார்."

ஆறு மாதமாக அந்த வீட்டுக்குப் போய்வந்தவன் மதுசன் ஒருவன்தான். றுவைசும் நஸ்ரியாவும் நோன்பு. மிச்சம் கீர்த்தனி. அவளுக்கு இரண்டு மணிக்குக் கம்பஸில் சோதனை.

"நீ சாப்பிடு, நான் பக்கத்தில சும்மா இருக்கிறன். ரெண்டு தலை தெரிஞ்சாச் சரிதானே" என்றான் றுவைஸ்.

ஓட்டோ பிடித்துப் போனார்கள். கஜீபனின் அப்பா இரத்தினசிங்கம் வாசல் படலையிலேயே மறித்தார். ஏன் மதுசன் வரவில்லை, நீங்கள் யார், எந்த ஊர் என்று எல்லாம் கேட்டார். துடக்கு என்றதை மட்டும் நம்பினார். றுவைஸ் நோன்பு என்றதும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாப்பிடாதவர் ஏன் வந்தவர்?"

"உங்கட மகன் ரெண்டு பேரைக் கேட்டவர், ஐயா."

"கேட்டது சாப்பிடுற ரெண்டு பேரை."

ஆனாலும் உள்ளே விட்டார். வேறு வழியில்லை. அந்த ஒழுங்கையில் அவர் கோபித்துக்கொள்ளாத வீடு ஒன்றுகூட இல்லை. காகங்கள்தான் வந்து, வைத்த சோற்றைத் தின்றுவிட்டுப் போயிருந்தன.

சமையல் எல்லாம் அவருடைய கைதான். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல். சாமியறையில் படைத்துவிட்டுக் கதவைச் சாத்தியிருந்தார். செத்தவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் சாத்தி வைப்பது வழக்கம். இவர் திறக்கிற மாதிரித் தெரியவில்லை. கதவு இடுக்கில் ஒரு சிவப்புச் சோடாப் போத்தல் மட்டும் தெரிந்தது. உயிரோடு இருந்தபோது எது விருப்பமோ, படையலில் அதுவும் இருக்கும்.

"அம்மாவுக்குச் சோடா விருப்பமா, ஐயா?" என்று றுவைஸ் கேட்டான்.

"தம்பி, நீர் சாப்பிட வந்தனீரோ, கேள்வி கேக்க வந்தனீரோ?"

"சாப்பிட வரேல்ல, ஐயா. அதுதான் கேட்டனான்."

கிழவருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டார்.

கீர்த்தனி முதல் பிடியை வாயில் வைக்கும்வரை அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தன் இலையில் சோறு போட்டார். விடியத்தொடக்கம் பச்சைத் தண்ணிகூடக் குடிக்கவில்லை என்பது அவர் சாப்பிட்ட சாப்பாட்டில் தெரிந்தது.

படிப்பு முடிய என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார். இலண்டனுக்குப் போகிற யோசனை இருக்கிறது என்றாள். அவருடைய கை இலையில் அப்படியே நின்றது.

"போகாதை எண்டு சொல்ல நான் ஆர். போனால் குளிருக்கை இராவேலை மட்டும் செய்யாதை, பிள்ளை."

மணி ஒன்றேகால். இப்போது புறப்பட்டால்தான் சோதனைக்குப் போய்ச் சேரலாம். அவள் எழும்ப வெளிக்கிட்டாள்.

"பாயாசம் இன்னும் விடேல்லை" என்று சொல்லிவிட்டு, அவர் பதில் கேட்க நிற்காமல் குசினிக்குள் போனார். மெல்லத்தான் போனார். மெல்லப் போனால் அவள் கொஞ்ச நேரம் கூட இருப்பாள் என்று நினைத்த மாதிரி இருந்தது.

கீர்த்தனிக்குக் கஜீபன்மேல் கோபம் வந்தது. ஆறு மாதத்தில் ஒரு நாளும் அவன் வாய் திறந்து கதைத்ததில்லை. வேலை, கதைக்க ஏலாது என்று எழுத்துத்தான் வரும். பனிக்குள் தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற ஒரு படம், அதற்குக் கீழே இரண்டு வரி. தகப்பனுக்குச் சாப்பிட ஆள் அனுப்பத் தெரிகிறது, திவச நாளில் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை.

"நான் போகத்தான் வேணும், றுவைஸ். போக முதல் இந்த மனிசன் தகப்பனோட ரெண்டு வார்த்தை கதைக்கட்டும்" என்று சொல்லி, செய்திகள் வருகிற 'துணை' போனை இடக்கையால் எடுத்துக் கஜீபனுக்கு முதல்முறையாக அழைப்பு எடுத்தாள்.

மணியடித்தது, சாத்தியிருந்த கதவுக்குப் பின்னால்.

பாயாசச் சட்டியோடு வந்த கிழவர் நடுவீட்டில் நின்றார். பிறகு சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார். மாலை போட்ட படத்துக்குள், பனியில் தொப்பியோடு நின்று கஜீபன் சிரித்தான். சோடாப் போத்தலுக்குப் பக்கத்தில் படைத்திருந்த அவனுடைய போனில் 'துணை' என்ற பெயர் மின்னி மின்னி அணைந்தது.

கீர்த்தனி அழைப்பை நிறுத்திப் போனைக் கவிழ்த்து வைத்தாள். "பாயாசத்தை விடுங்கோ, ஐயா" என்றாள்.