உள்ளுக்குள்ளே ஒருத்தன்

"படுக்கையில கிடக்கிற அப்பாகிட்ட எரிஞ்சு விழுறேன் மேடம். அப்புறம் மனசு கிடந்து அடிச்சுக்குது" என்றான் லிஃப்ட் மெக்கானிக்.

மனநல ஆலோசகர் அவனைக் கண்டிக்கவில்லை.

"நமக்குள்ள பல பேர் இருக்காங்க. கத்துறவன் அதுல ஒருத்தன், அவ்வளவுதான். அவனை விரட்டாதீங்க. எதுக்கோ பயந்துதான் கத்துறான். என்ன பயம்னு அன்பா கேளுங்க."

"கேட்டா பதில் வருமா?"

"நிஜமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டா வரும்."

மறுநாள் காலை புதுச் சட்டை போட்டுவிடப் போனவனின் கையை அப்பா வெடுக்கென்று தட்டிவிட்டார். சில நாளாக அவர் வாயே திறப்பதில்லை.

அவனுக்குச் சுள்ளென்று ஏறியது. கத்த வாயெடுத்தவனுக்கு ஆலோசகர் சொன்னது ஞாபகம் வந்தது. கண்ணை மூடி, நெஞ்சில் கைவைத்து, தனக்குள் இருந்தவனிடம் வாய்விட்டே கேட்டான்.

"ஏம்ப்பா இவ்வளவு கோபம்? உனக்கு என்ன பயம்? சொல்லு, நான் திட்டமாட்டேன்."

கட்டிலிலிருந்து பதில் வந்தது.

"நீ என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவியோன்னு பயமா இருக்குடா."

கண்ணைத் திறந்தான். அதட்டியே அவனை வளர்த்த அப்பா போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி அவருக்கானதில்லை என்று சொல்லாமல் புதுச் சட்டையைக் கீழே வைத்தான்.

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. போய்க் கதவைத் திறந்தான்.

"பெரியவர் ரெடியா சார்?" என்றார் முதியோர் இல்லத்து வேன் டிரைவர். அப்பாவிடம் மட்டுமில்லை, ஆலோசகரிடம்கூடச் சொல்லாமல் போன வாரமே அவன் செய்துவைத்த ஏற்பாடு.

"வீடு மாறி வந்துட்டீங்க" என்று தரையைப் பார்த்தபடி சொல்லிக் கதவைச் சாத்தினான்.

அப்பா பக்கம் திரும்பத்தான் தைரியம் வரவில்லை.