சம்பவம் இல்லை

அலை தூக்கியடித்ததில், தினமும் தீவுப் பள்ளிக்குப் போகும் செல்வமேரி டீச்சர் படகின் விளிம்பில் தலை மோதிக் கடலில் விழுந்தார். எஞ்சின் தானாக நின்றது. விபத்து அறிக்கையை முடித்தால்தான் இனி ஓடும்.

“சம்பவத்தின் வகை என்ன?” என்று படகே கேட்க ஆரம்பித்தது. கேள்விகள் நாற்பது. டீச்சரோ அலையில் விலகிப் போய்க்கொண்டிருந்தார்.

“சம்பவமே இல்ல!” என்று கத்தினார் ஓட்டுநர் ரெமிஜியுஸ். படகு அதையே அறிக்கையாகப் பதிந்துகொண்டது; எஞ்சின் உறுமியது. படகைத் திருப்பி, டீச்சரைத் தூக்கிக் கரை சேர்த்தார்.

கரையில் நின்ற ஆம்புலன்ஸ் கதவைத் திறக்கவில்லை. “சம்பவம் எதுவும் பதிவாகலையே, எப்படி ஏத்துறது?” என்றாள் நர்ஸ்.

பொய் அறிக்கை கொடுத்தால் படகோட்டும் உரிமம் ஆயுளுக்கும் ரத்து. ரெமிஜியுஸ் ஆம்புலன்ஸ் கதவில் கை வைத்தார்.

“விழுந்தாங்கம்மா. நான்தான் பொய் சொன்னேன். ஏத்துங்க.”

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது கண் திறந்த டீச்சர், “நாளைக்கும் நீங்கதானே ஓட்டுவீங்க, அண்ணா?” என்றார்.

“நீங்க நல்லாகி வாங்க, டீச்சர்.”