இழுக்காத கயிறு

இரண்டு இழுப்பில் கிளம்பிவிடு, தாயே. மூன்றாவது வரைக்கும் அவர் தாங்கமாட்டார்.

மின்சாரம் போய், கேரவனுக்குள் காற்றாடி சுற்றி ஓய்வதற்குள், அவள் இருக்கைக்கு அடியிலிருந்து ஜெனரேட்டரை உருவி எடுத்துவிட்டாள். கட்டில் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சின்னப் பெட்டிதான். பார்த்தால் ஊருக்குப் போகிறவர்களின் கைப்பெட்டி போல இருக்கும். தூக்கினால்தான் தெரியும், உள்ளே அத்தனையும் இரும்பு என்று.

காலையில் ஆம்பூரில் சுற்றுலாவுக்கு வண்டி ஏறும்போதே நாத்தனார் செண்பகம் கேலி பேசினாள்.

"இன்னாம்மா இது? அங்கதான் கம்பத்துலருந்து கரண்ட் குடுக்கறாங்களாமே. அம்மிக்கல்ல மட்டும் ஏன் உட்டுட்ட? அதயும் ஏத்திக்க."

அவள் சிரித்து வைத்தாள். பெட்டியை மட்டும் வேறு யாரையும் தொடவிடவில்லை.

இப்போது ஏலகிரியில், மழை விட்ட சாயங்கால ஈரத்தில், அதை இடுப்போடு அணைத்துக்கொண்டு கேரவனின் படிகளில் இறங்கினாள். புகை வண்டிக்குள் போகக் கூடாது. பலாமரம் வரைக்கும் சுமந்துபோய்க் கீழே வைத்தாள்.

ஆயுத பூசைக்கு இட்ட குங்குமம் அதன் நெற்றியில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெட்ரோல் மூடி. சோக். ஸ்விட்ச்.

விரல்களுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை.

ஒன்றரை வருடம் இதே வேலை. வீட்டில் மின்சாரம் போனால், கட்டிலோரத்து ஆக்சிஜன் எந்திரம் நீளமாகக் கூவிவிட்டு நின்றுபோகும். மூக்கில் குழாயோடு அவர் அவளைப் பார்ப்பார். ஒன்றும் சொல்லமாட்டார். பேசுவதற்கும் மூச்சு வேண்டுமே. அவள் கொல்லைக்கு ஓடுவாள்.

அங்கே ஜெனரேட்டர் கத்தத் தொடங்கினால் அக்கம்பக்கத்தில் ஜன்னல்களைச் சாத்துவார்கள்.

அவளுக்கு அப்போதுதான் உயிர் வரும்.

வயரைப் பிரித்தாள். ஒரு முனையை ஜெனரேட்டரில் சொருகினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேரவனுக்குள் ஓடிவந்தாள்.

கட்டிலோரம் குனிந்தாள்.

அங்கே கொய்யாப்பழக் கூடை இருந்தது.

கையில் வயரோடு நின்றாள்.

எதில் சொருகுவது?

எந்திரத்தைத் தை மாதமே வாடகைக்கடைக்காரர் வந்து எடுத்துப்போய்விட்டார். இனி அது வேண்டாம் என்று டாக்டர்தான் சொல்லியிருந்தார். அதை இறக்கிக்கொண்டு போகும்போது, இடிக்காமல் இருக்க வாசற்கதவைப் பிடித்துக்கொண்டவளே அவள்தான். தலைக்கு எல்லாம் தெரியும். கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கட்டில் காலியாக இருந்தது.

அவர் எங்கே?

ஃப்பூ...

வண்டிக்குப் பின்னாலிருந்து வந்தது அந்தச் சத்தம். நின்றது. மறுபடி, இன்னும் நீளமாக.

ஃப்பூ...

அவள் வயரைப் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனாள்.

கட்டியிருந்த தார்ப்பாய்க்குக் கீழே அவள் கணவர் தணிகாசலம் மண்டியிட்டிருந்தார். காற்று மெத்தையின் வாயைக் கவ்விக்கொண்டிருந்தார். மின்சாரம் போனதும் காற்றடிக்கும் பம்ப் பாதியில் நின்றிருக்கிறது. மிச்சத்தை வாயால் ஊதிக்கொண்டிருந்தார்.

கன்னங்கள் உப்பின. மெத்தையின் ஓரத்தில் ஒரு சுருக்கம் மெல்ல நிமிர்ந்தது.

மூச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மூன்று பந்து டப்பாவில், ஒரு பந்தைக்கூட அசைக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட மனிதர்.

அவள் இருமலுக்காகக் காத்திருந்தாள்.

வரவில்லை.

மூச்சு வாங்கினார். எல்லோரும் வாங்குவது போலத்தான். புறங்கையால் வாயைத் துடைத்தார். யாரோ மெத்தையைப் பிடுங்கிக்கொள்ளப் போவது போல அவசரமாக மறுபடி குனிந்தார். அவள் நிற்பதைப் பார்க்கவே இல்லை.

அவள் அப்படியே பின்வாங்கிப் பலாமரத்தடிக்கு வந்தாள்.

பிடரியில் இத்தனை நாள் பிடித்திருந்த எதுவோ விட்டது. திடீரென்று பசித்தது. நல்ல பசி. காரமாக எதையாவது தின்ன வேண்டும் போலிருந்தது.

பலா இலைகளிலிருந்து நீர் சொட்டியது. மலையில் வேறு சத்தமே இல்லை. அதனால் அது இங்கேயும் கேட்டது.

ஃப்பூ...

டார்ச் வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. பின்னாலேயே செண்பகம்.

"இங்க தூக்கியாந்து வச்சிட்டியா! நல்லவேள, நீ எடுத்தாந்தது. நான்கூட உன்ன சும்மா ஓட்டினு இருந்தேன். போடும்மா போடு. பம்பு சொருகினா ஒரு நிமிசத்துல ரொம்பிரும். பாவம், என் தம்பி அங்க வாயால ஊதிகினு கெடக்கறான்."

கயிற்றின் கைப்பிடி அவள் விரல்களுக்குள் இருந்தது. எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு இழுப்பு. ஒருநாளும் இரண்டுக்கு மேல் ஆனதில்லை.

போட்டால் இந்த மலையே அதிரும். அதற்கப்புறம் வேறு ஒன்றும் காதில் விழாது.

விரல்களை விரித்தாள்.

"வேணாம் அண்ணி."

"ஏம்மா, பெட்ரோல் இல்லயா?"

"இருக்குது."

சோக்கைப் பழையபடி தள்ளினாள். முந்தானையால் பெட்டியின் மேலிருந்த ஈரத்தைத் துடைத்தாள். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.